சங்கிலி மாட்டிய கதவு: ‘த லாஸ்ட் டைம் ஐ சோ பாரிஸ்’ படத்தில் எந்தக் கொப்பியை எடுப்பது?

1954இல் வந்த இந்தப் படத்தின் தலைப்பு அட்டையில் ஒரே ஒரு எழுத்து கூடிப்போனது. 1954 என்பதை ரோமன் எண்ணில் எழுதினால் எம், சி, எம், எல், ஐ, வி. எம்ஜிஎம் கம்பனிக்கு அட்டை எழுதியவர் எல்லுக்கு முன்னால் ஒரு எக்ஸைச் சேர்த்துவிட்டார். ஆண்டு 1944 ஆகிவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை 28 ஆண்டுக்குத்தான், அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். அட்டையிலுள்ள ஆண்டிலிருந்து கணக்குப் பார்த்தால் 1972இல் தவணை முடிகிறது. யாரும் புதுப்பிக்கவில்லை. எலிசபெத் டெய்லர் நடித்த பெரிய கம்பனியின் வர்ணப் படம் அமெரிக்காவில் பொதுச் சொத்தாகிவிட்டது.

இதனால் வந்த நன்மை, படம் இணையத்தில் சும்மா கிடைக்கிறது. தீமை, யார் வேண்டுமானாலும் எந்தப் பழைய பிரிண்டிலிருந்தும் டிவிடி அடித்து விற்கலாம், விற்றும் இருக்கிறார்கள். ஒரே அட்டைப்படத்துக்குள் நல்ல கொப்பியும் இருக்கும், பார்க்கவே முடியாத கொப்பியும் இருக்கும். தோட்ட வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ இந்தப் படத்தைப் போட நினைப்பவர்கள் முதலில் கொப்பியைச் சோதிக்க வேண்டும். படம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

முதல் சோதனை நேரம். முழுப் படம் 116 நிமிடம். அமெரிக்க முறை என்டிஎஸ்சி டிவிடி என்றால் அதே அளவு வரும். இலங்கை டிவிக்கு ஏற்ற ‘பால்’ (PAL) முறையில் அடித்த டிவிடி என்றால் 111 நிமிடம் காட்டும். அதில் எதுவும் வெட்டுப்படவில்லை. செக்கனுக்கு 24 படம் ஓடவேண்டிய பிலிம் 25 ஓடுகிறது, அவ்வளவுதான். குரல்கள் ஒரு பொடி கீச்சென்று கேட்கும், பாட்டில் சுருதி ஏறியிருக்கும். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 111க்கும் கீழே போனால் எங்கோ துண்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய டிவி நிலையப் பிரிண்ட்களில் விளம்பரத்துக்காக வெட்டி ஒட்டிய இடங்கள் இருக்கும். வசனத்தின் நடுவே முகம் குதித்தால் அது அந்த ஒட்டு.

இரண்டாவது, நிறம். இதற்குப் பனி பெய்யும் காட்சி இருக்கிறது. பனி வெள்ளையாக, ஓரத்தில் கொஞ்சம் நீலம் தட்டித் தெரிந்தால் கொப்பி நல்லது. பனி ரோஜா நிறமாக, பீட்ரூட் கழுவிய தண்ணீர் மாதிரித் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பழைய வர்ணப் பிரிண்ட்களில் மூன்று சாயம் இருக்கும். பெட்டிக்குள் கிடக்கக் கிடக்க நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. டிவியில் கலரைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிப்படுத்த முடியாது. இல்லாமற்போன சாயத்தை எந்தப் பட்டனும் திருப்பித் தராது.

மூன்றாவது, அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறதா என்று பாருங்கள். படத்தின் முற்பகுதியில் கூட்டம் ஆடிப்பாடும் காட்சி இதற்குச் சரியான இடம். கணினியில் விஎல்சி பிளேயரில் ஓட்டுகிறவர்கள் டி எழுத்தை ஒருமுறை அழுத்தினால் அது குறையும். நான்காவது, முகங்களின் அகலம். மலிவுக் கொப்பிகள் பெரும்பாலும் பழைய சதுர டிவி அளவில், நாலுக்கு மூன்று விகிதத்தில் இருக்கின்றன. அதை இன்றைய அகலத் திரைக்கு இழுத்தால் எல்லா முகமும் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். எலிசபெத் டெய்லரைப் பூசணிக்காயாக்கிப் பார்க்க யாரும் இவ்வளவு தூரம் மழையில் நடந்து வரமாட்டார்கள். ஏ எழுத்தை அழுத்தி அழுத்தி நாலுக்கு மூன்றுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும் என்று விடுங்கள்.

இந்த நாலிலும் தேறிய கொப்பி கிடைத்தால் படத்துக்கு வரலாம்.

மூலக்கதை எப். ஸ்கொட் பிட்ஸ்ஜெரால்ட் எழுதிய ‘பாபிலோன் ரீவிசிட்டட்’. 1931 பெப்ரவரியில் ‘சற்றர்டே ஈவினிங் போஸ்ட்’ என்ற வார இதழில் வந்த சிறுகதை, ஐந்து பகுதி. பங்குச்சந்தைப் பணத்தில் பாரிஸில் குடித்துக் கூத்தடித்த ஒருவன், 1929 சரிவுக்குப் பிறகு குடியைக் கட்டுப்படுத்திக்கொண்டு, செத்துப்போன மனைவியின் சகோதரி வீட்டில் வளரும் தன் ஒன்பது வயது மகளைக் கூட்டிப்போக வருகிறான். அந்த 1929 சரிவு நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. தேயிலை விலையும் இறப்பர் விலையும் அதே அலையில் விழுந்துதான் 1930களின் தொடக்கத்தில் தோட்டச் சம்பளம் வெட்டப்பட்டது. கதையின் நாயகன் பாரிஸில் விட்ட காசுக்கும் இங்கே பேர்ச்சிட்டில் குறைந்த சதத்துக்கும் ஊற்று ஒன்றுதான்.

படம் இந்த அடித்தளத்தையே கழற்றிவிட்டது. இயக்குநர் ரிச்சர்ட் புரூக்ஸும் எப்ஸ்டீன் சகோதரர்களும் எழுதிய திரைக்கதை, காலத்தை இரண்டாம் உலகப் போர் முடியும் நாளுக்கு மாற்றுகிறது. வான் ஜோன்சனின் சார்ல்ஸ் படைப் பத்திரிகையில் வேலை செய்பவன். வெற்றி நாள் கூட்டத்தில் யாரென்றே தெரியாத ஒரு பெண் அவனுக்கு முத்தம் கொடுத்துவிட்டு மறைகிறாள். பிறகு அவளே ஹெலன் என்று தெரிகிறது. கலியாணம், ஒரு மகள், பத்திரிகை அலுவலகத்தில் முன்னேற்றமில்லாத வேலை, பதிப்பகங்கள் திருப்பி அனுப்பும் நாவல்கள். அப்போது பார்த்து, மாமனார் எப்போதோ வாங்கிப்போட்ட டெக்சஸ் தரிசு நிலத்தில் எண்ணெய் பீறிடுகிறது. பங்குச்சந்தை இருந்த இடத்தில் லொத்தர் சீட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. கதையில் பணம் ஒரு காலத்தின் நோய். படத்தில் அது ஒரு குடும்பத்துக்கு அடித்த அதிர்ஷ்டம். படம் சறுக்கத் தொடங்குவது இங்கேதான்.

ஆனாலும் பணம் வந்த பிறகு இரண்டு பேரும் இடம் மாறுகிற விதத்தைப் படம் நன்றாகச் செய்திருக்கிறது. விருந்தும் ஆட்டமுமாக இருந்த ஹெலன் அடங்குகிறாள், வேலையும் எழுத்துமாக இருந்த சார்ல்ஸ் அவிழ்ந்துபோகிறான். எலிசபெத் டெய்லருக்கு அப்போது 22 வயது. 1954 ஒரே ஆண்டில் அவருக்கு நாலு படம் வந்தது, இது கடைசி. கொண்டாட்டத்தின் நடுவே ஒரு கணம் அவர் கண் தனியே களைத்துப்போகும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். வான் ஜோன்சன் குடிகாரனாகும்வரை நன்றாக இருக்கிறார். குடிகாரனான பிறகு குரலைத்தான் உயர்த்துகிறார், உள்ளே எதுவும் இடிந்து விழுந்த மாதிரித் தெரியவில்லை. மாமனாராக வரும் வோல்டர் பிட்ஜன் கையில் சல்லி இல்லாமல் துரை மாதிரி வாழும் மனிதர், படத்தின் கலகலப்பெல்லாம் அவருடையது. சகோதரி மரியனாக டோனா ரீட். யாரும் விரும்பாத வேஷம், அதை அவர் சளைக்காமல் சுமக்கிறார். பின்னாளில் ஜேம்ஸ் பொண்ட் ஆன ரோஜர் மூர் டென்னிஸ்காரனாக வந்துபோகிறார். அவர் தலையைக் கண்டதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழும், அந்தக் கணத்து வசனம் யாருக்கும் கேட்காது. பாதகமில்லை.

படத்தின் உயிர் ஒரு இரவில் இருக்கிறது. சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த சார்ல்ஸ் குடிமயக்கத்தில் கதவுச் சங்கிலியை மாட்டிவிட்டு மாடிப்படியில் சாய்ந்துவிடுகிறான். ஹெலன் வெளியே நின்று கூப்பிடுகிறாள். கதவு ஒரு விரற்கிடை திறக்கிறது, சங்கிலி விடவில்லை. உள்ளே அவனுக்கு உணர்வில்லை. அவள் மழையும் பனியுமாகச் சகோதரி வீட்டுக்கு நடக்கிறாள், நியுமோனியா வருகிறது, சாகிறாள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி உறைபனியில் கொழுந்து கருகுவதைக் கண்ட சனத்துக்கு அந்தக் குளிரைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. தவறணையிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்ட மனிதனையும் விளக்கத் தேவையில்லை. சம்பளத்துக்கு அடுத்த நாள் இந்தப் படத்தைப் போட்டால் அந்தக் காட்சியில் மண்டபம் எப்படி அடங்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கதையை வாசித்தவர்களுக்கு இங்கே ஒரு நெருடல் வரும். கதையிலும் அவன் பனி இரவில் கதவைப் பூட்டுகிறான், அவளும் நனைந்து சகோதரி வீட்டுக்குப் போகிறாள். ஆனால் அவள் நியுமோனியாவிலிருந்து தப்பிவிடுகிறாள், பிறகு இதய நோயால் இறக்கிறாள். அவன்தான் கொன்றான் என்று சகோதரி நம்புகிறாள். வாசகருக்கு அது உறுதியில்லை, அவனுக்கும் உறுதியில்லை. அந்த இருட்டில்தான் கதை நிற்கிறது. படம் விளக்கைப் போட்டு, இவன்தான் காரணம் என்று கையைக் காட்டிவிடுகிறது. குற்றத்தை இவ்வளவு பெரிதாக்கிய பிறகு தண்டனையும் அதற்கேற்ப இருக்க வேண்டும் அல்லவா? கதையில் பழைய குடிக் கூட்டாளிகள் இரண்டு பேர் வெறியோடு வீட்டுக்குள் நுழைகிறார்கள், எல்லாம் கெடுகிறது, மகள் கிடைக்காமல் அவன் மதுக்கடையில் தனியே உட்கார்ந்திருக்கிறான். படத்தில் மரியனின் கணவன் இரண்டு வார்த்தை கடிந்து பேசியதும் அவள் மனம் மாறுகிறது, பிள்ளை ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடிக்கிறது. பழியைக் கூட்டி, வட்டியைத் தள்ளுபடி செய்த கணக்கு. இதைச் சொல்லிவைத்தால்தான் படம் முடிந்ததும் எழுந்து போகாமல் பேசுவார்கள்.

பிட்ஸ்ஜெரால்டே 1940இல் இந்தக் கதைக்கு ஒரு திரைக்கதை எழுதினார், அது படமாகவில்லை. அந்த டிசம்பரிலேயே இறந்துவிட்டார். படத்தின் பெயரைக் கொடுத்த பாட்டும் 1940இல் பாரிஸ் ஜெர்மனியிடம் விழுந்தபோது எழுதப்பட்டதுதான். ஜெரோம் கேர்ன் இசை, ஒஸ்கார் ஹேமர்ஸ்டைன் வரிகள். வேறொரு படத்தில் சேர்த்து 1941க்கான ஒஸ்கார் விருதும் வாங்கிவிட்டது. இந்தப் படத்தில் அது திரும்பத் திரும்ப வருகிறது, கொஞ்சம் அதிகமாகவே.

இனி எழுத்துவரி. இங்கே பாதிப்பேருக்கு மேல் ஆங்கிலத்தில் படம் பார்க்கமாட்டார்கள். தமிழ் சப்டைட்டில் போடுவது கட்டாயம், அதைச் செய்கிறவர்களுக்கு இரண்டு தொழில்நுட்ப வில்லங்கமும் ஒரு மொழி வில்லங்கமும் காத்திருக்கின்றன.

முதலாவது பாமினி. அலுவலகத்திலும் அச்சகத்திலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர்கள் நிறைய. பாமினியில் தட்டிய சப்டைட்டிலைப் பிளேயரில் போட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் கஞ்சிதான் வரும். யுனிகோடில் தட்டி, யூடிஎப் 8 என்று தெரிவுசெய்து சேமிக்க வேண்டும். ஏற்கெனவே பாமினியில் இருந்தால் மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, மாற்றிய பிறகு கொம்புகளையும் ஸ்ரீ போன்ற எழுத்துகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது, நழுவல். 24 படக் கொப்பிக்குச் செய்த சப்டைட்டிலை 25 படக் கொப்பியில் போட்டால் தொடக்கத்தில் பொருந்தும், போகப் போகப் பிந்தும். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் விலகிவிடும். ஜி, எச் விசைகளை அழுத்தி முன்னும் பின்னும் தள்ளுகிறவர்கள் படம் முழுக்க அழுத்திக்கொண்டே இருப்பார்கள், ஒரு அழுத்துக்கு ஐம்பது மில்லிசெக்கன்தான் நகரும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் பிரேம் வேகத்தை 23.976இலிருந்து (24 என்று நாம் சொல்வதன் சரியான கணக்கு) 25க்கு மாற்றிச் சேமித்தால் ஒரே தடவையில் தீரும். எந்தக் கொப்பியில் போடப்போகிறோமோ அதே கொப்பியோடு சோதியுங்கள், முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். கடைசிக் காட்சியைப் போட்டுப் பாருங்கள்.

மொழி வில்லங்கம்தான் சுவையானது. ஆங்கிலத்தில் மரியன் ஹெலனின் ‘சிஸ்டர்’, பிள்ளைக்கு ‘ஆன்ட்’. தமிழில் அவள் பெரியம்மாவா சின்னம்மாவா என்று முடிவெடுக்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது. டோனா ரீட் 1921இல் பிறந்தவர், எலிசபெத் டெய்லர் 1932இல். திரையில் பார்த்தாலே அக்கா தங்கச்சி தெரிகிறது. ஆகவே பெரியம்மா. இது சின்ன விஷயமில்லை. அக்காவுக்கு வரவேண்டியவனைத் தங்கச்சி கட்டிக்கொண்டாள் என்ற புழுக்கம் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடும். அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், பெரியம்மா வீட்டில் வளரும் பிள்ளைகள் இல்லாத லயம் இங்கே அபூர்வம். அவர்களுக்கு மரியன் வில்லியாகத் தெரியமாட்டாள். அது நல்லது.

மரியனின் கணவன் குளோட், சார்ல்ஸுக்குச் சகலை. ஆங்கிலத்தில் இதற்குத் தனிச்சொல்லே கிடையாது, தமிழில் இருக்கிறது. அவர்கள் இருவரும் பேசும் இடத்தில் அதைப் போட்டால் கசப்பும் உறவும் சேர்ந்து வரும். மரியன் மட்டும் சார்ல்ஸைப் பெயர் சொல்லியே கூப்பிடட்டும். முறைப்படி ‘தம்பி’ என்று போட்டால் அவள் மனதில் இருப்பது மூடிப்போகும். ஹெலன் புருஷனை ‘நீங்க’ என்று தொடங்கி, சண்டை நடக்கும் இரவில் மட்டும் ‘நீ’க்கு மாறலாம். லயத்துச் சண்டைகளும் அப்படித்தான் முற்றும். விஸ்கியை விஸ்கி என்றே விடுங்கள். ‘சாராயம்’ என்று போட்டால் சிரிப்பு எழும், அது கூடாத இடத்தில் எழும். ‘கஸ்டடி’க்குச் சட்டத் தமிழில் நீளமான சொற்கள் இருக்கின்றன, ஒன்றும் வேண்டாம். பிள்ளையைப் பொறுப்பெடுப்பது என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு முப்பத்தைந்து எழுத்துக்குள் நிறுத்துங்கள். தமிழ்ச் சொல் நீளம். ஆங்கில வசனம் முழுவதையும் ஏற்றினால் வாசித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிடும்.

படம் போடும் மாதத்தைத் திசை பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவ மழை. தகரக்கூரையில் அது விழும்போது எந்த ஸ்பீக்கரும் தோற்கும். அங்கே ஜனவரியிலிருந்து மார்ச்வரை நல்லது. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கம் கணக்கு மறுதலை. ஆண்டுக் கடைசி மாதங்களைத் தவிர்த்து ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளலாம், காற்று மட்டும் திரையை உலுக்கும்.

மழை வந்தே தீரும் என்றால் ஒலியை வெறுமனே கூட்டாதீர்கள். இந்தப் படத்தின் ஒலி பழைய மோனோ. கூட்டினால் கூடவே இரைச்சலும் ஏறும். ஈக்குவலைசரில் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி, பேச்சு தெளியும் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் தூக்குங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் திரையடியில் வைப்பதைவிட, ஒன்றை மண்டபத்தின் நடுச்சுவரில், உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்தில் வைத்தால் பின்வரிசைக்கும் கேட்கும்.

வாடகை மல்டிமீடியா புரொஜெக்டருக்கு எறிதூரக் கணக்கு ஒன்று உண்டு. சாதாரண ரகத்தில் தூரத்துக்கும் பட அகலத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றரை அளவில் இருக்கும். திரையிலிருந்து நாலரை மீற்றர் பின்னால் வைத்தால் மூன்று மீற்றர் அகலப் படம். இந்தப் படத்துக்கு உயரம் இரண்டேகால் மீற்றர் வேண்டும், முன்பள்ளிக் கட்டடங்களின் தாழ்ந்த கூரைக்கு அது முட்டும். அங்கே மூன்றரை மீற்றரில் வைத்துச் சிறிய படத்தோடு திருப்திப்படுங்கள். மெஷின் அகலத் திரை ரகமென்றால் இரண்டு பக்கமும் கறுப்பு விழுந்து படம் இன்னும் ஒடுங்கும், கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும். திரைக்கு இரண்டு கட்டில் விரிப்பைத் தைப்பார்கள், தையல் சரியாக எலிசபெத் டெய்லரின் மூக்கில் ஓடும். பழைய தேர்தல் பிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்புறம் அதைவிட நல்லது. சுவரோடு ஒட்டிக் கட்டுங்கள். இடைவெளி விட்டால், பின்னால் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் வேட்பாளர் சிரிப்பார்.

பனிமூட்டத்தில் வெளியே இருந்து கொண்டுவந்த புரொஜெக்டரை, ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் உடனே திறந்தால் லென்ஸில் ஈரம் படியும். பையோடு அரை மணி நேரம் உள்ளே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். துணியால் துடைத்தால் கோடு விழும். கரண்ட் திடீரென்று போனால் லெப்டொப் பற்றரியில் ஓடும், புரொஜெக்டர் நின்றுவிடும். பல்ப் ரகமென்றால் கேடு அதற்குத்தான். குளிர்விக்கும் விசிறி நிற்க, சூடு உள்ளேயே அடைபட்டு பல்பின் ஆயுள் குறையும். 300 வாட் மெஷினுக்கு 1000 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால் சில நிமிடம் கிடைக்கும், அணைத்துக் குளிரவைக்க அது போதும். கரண்ட் வந்ததும் அவசரப்படாமல் பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள்.

இடைவேளை படத்தில் இல்லை, நாம்தான் வைக்க வேண்டும். எண்ணெய்ச் செய்தி வந்து வீடு கொண்டாடும் இடம் சரியானது. பிளேன்டீ குடித்துவிட்டு வருகிறவர்கள் பணம் வந்த வீட்டுக்குள் நுழைவார்கள், கெடுவதை முழுசாகப் பார்ப்பார்கள். மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் இடைவேளையும் சேர்த்து எட்டுக்குள் முடியும். தூரத்து டிவிஷன்காரர்களுக்குக் கடைசி பஸ் தவறாதா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘எலிஃபன்ட் வோக்’ இருக்கும்போது ஏன் இது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அதுவும் 1954, அதிலும் எலிசபெத் டெய்லர், அதுவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை. ஆனால் டெய்லர் அதற்காக இலங்கைக்கு வரவேயில்லை. இங்கே வந்து நடித்த விவியன் லீ நோய்ப்பட்டுப் போனதால் அவருடைய இடத்துக்கு வந்தவர், தன் பங்கை ஹொலிவுட்டிலேயே நடித்து முடித்தார். தூரக்காட்சிகளில் தெரிவது இன்னும் விவியன் லீதான். அது துரையின் பங்களாவுக்குள்ளேயே சுற்றும் படம், கொழுந்து எடுப்பவர்கள் பின்னணித் துணி. பாரிஸ் வீட்டின் அந்தக் கதவுச் சங்கிலி லயத்துக்கு அதைவிடக் கிட்ட இருக்கிறது.

மூலக்கதையைத் தமிழில் பெயர்த்து வாசிகசாலையில் வைக்க நினைப்பவர்கள் தயங்க வேண்டாம். ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்ற இலங்கைக் கணக்கில் பிட்ஸ்ஜெரால்டின் உரிமை 2010 கடைசியோடு முடிந்துவிட்டது. படத்துக்கு முதல் வாரம் கொடுக்காதீர்கள், அடுத்த வாரம் கொடுங்கள். பிள்ளை அப்பாவிடம் ஓடிவந்ததைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்கள் ஐந்தாம் பகுதியை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். கதிரைகளை எடுத்து அடுக்காமல் வைத்திருங்கள்.